நிரல் எழுதும் நிரல்: தொகுப்பு நேரத்தின் ஆற்றலும் எல்லையும்

முன்னுரை

கணிப்பொறி நிரல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலங்கள் உண்டு. நாம் எழுதிய மூல நிரலைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி படித்துப் பொறிமொழியாக மாற்றும் காலம் ஒன்று. அங்ஙனம் மாற்றப்பட்ட நிரல் பயனாளியின் கையில் இயங்கும் காலம் மற்றொன்று. முன்னதைத் தொகுப்பு நேரம் என்றும், பின்னதை இயக்க நேரம் என்றும் கூறுவர். நாம் வகுப்பில் படிப்பதும் ஆய்வகத்தில் செய்து பார்ப்பதும் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியே. தொகுப்பு நேரம் என்பது, பிழைச் செய்தி வருமோ வராதோ என்று திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் சில நொடிகள் என்ற அளவில்தான் நமக்கு அறிமுகம்.

அந்தச் சில நொடிகளுக்குள்ளும் நிரல் இயங்கலாம், கணக்குப் போடலாம், நாம் எழுதாத வரிகளை நமக்காக எழுதித் தரலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடுகிறது என்பனவற்றை நமக்குப் பாடமாக உள்ள சி மொழியையும் அதன் வழி வந்த சி++ மொழியையும் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மொழியின் எல்லைகளை வெறும் குறைகளாக எண்ணுதல் சரியன்று என்பது என் கருத்து. அதற்குரிய காரணத்தை இறுதியில் கூறுவேன்.

1. முன்பே போட்டுவைத்த கணக்கு

மின்கணிப்பான்கள் மலிவாவதற்கு முன்னர், கல்லூரி மாணவர் கையில் மடக்கை அட்டவணை இருந்தது. இரண்டு பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமாயின், மாணவர் அட்டவணையைப் புரட்டி இரு மடக்கைகளையும் எடுத்துக் கூட்டி, மீண்டும் எதிர்மடக்கை காண்பார். மடக்கைகளைக் கணிக்கும் கடினமான வேலையை யாரோ ஒருவர் முன்பே செய்து அச்சிட்டுவிட்டார். தேர்வுக் கூடத்தில் மாணவர் செய்ய வேண்டியது, பார்த்து எழுதுவது மட்டுமே.

அட்டவணை அச்சான காலத்தைத் தொகுப்பு நேரத்திற்கும், தேர்வுக் கூடத்து மூன்று மணி நேரத்தை இயக்க நேரத்திற்கும் ஒப்பிடலாம். ஒருமுறை செய்த உழைப்பு, பல்லாயிரம் முறை பயன் தருகிறது. நான்கு இலக்க அட்டவணையில் ஐந்தாம் இலக்கம் கிடைக்காது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும். முன்பே செய்து வைத்ததில், முன்பே தெரிந்தது மட்டுமே இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தில் நம் பொருளின் ஆற்றல், எல்லை ஆகிய இரண்டும் அடங்கியுள்ளன.

2. முன்செயலி: எழுத்தை எழுத்தாக மாற்றும் எழுத்தர்

சி மொழியில் தொகுப்பிக்கு முன்பாக இயங்கும் ஒரு பகுதிக்கு முன்செயலி என்று பெயர். இது 1972, 1973 ஆண்டுகளையொட்டி அம்மொழியில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் வேறொரு கோப்பை உள்ளே சேர்ப்பதும், ஒரு பெயருக்குப் பதிலாக வேறோர் எழுத்துத் தொடரை இடுவதும் மட்டுமே அதன் வேலை. அளபுரு ஏற்கும் மேக்ரோக்களும், நிபந்தனைக்கு உட்பட்டு வரிகளைச் சேர்க்கும் வசதியும் பின்னர் வந்தவை.

முன்செயலிக்குச் சி மொழியின் இலக்கணம் தெரியாது. அது, பொருள் அறியாமல் படியெடுக்கும் எழுத்தரைப் போன்றது. எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் வர்க்கத்தைக் காண்பதற்குக் கீழ்க்காணும் மேக்ரோவை எழுதுவதாகக் கொள்வோம்.

#டிஃபைன் வர்க்கம்(எ) எ * எ

இதனிடம் வர்க்கம்(2 + 3) என்று கேட்டால், 25 வரும் என்று எதிர்பார்க்கிறோம். எழுத்தர் தந்திருப்பதோ 2 + 3 * 2 + 3 என்ற தொடர். பெருக்கல் முதலில் நடைபெறுமாதலால் விடை 2 + 6 + 3, அதாவது 11 ஆகிறது. ஒவ்வோர் எ-வையும் அடைப்புக் குறிக்குள் இட்டு, முழுவதையும் மற்றோர் அடைப்புக்குள் இட்டால் இந்தக் குறை தீரும்.

அடைப்புக் குறியால் தீராத குறையும் ஒன்றுண்டு. விசைப்பலகையிலிருந்து ஒரு மதிப்பெண்ணைப் படித்துத் தரும் செயற்கூறு ஒன்று இருப்பதாகவும், அதன் பெயர் படி() என்றும் கொள்வோம். வர்க்கம்(படி()) என்று எழுதினால், விரிந்த தொடரில் படி() இரண்டு முறை வருகிறது. எனவே கணிப்பொறி இரண்டு மதிப்பெண்களைக் கேட்டு வாங்கி, ஒன்றை மற்றொன்றால் பெருக்கும். திரையில் தெரிவது ஒரு சொல். நடப்பது இரண்டு செயல். மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. ஏனெனில் பிழை உள்ள வரி, நாம் எழுதிய வரியன்று. நமக்காக எழுதப்பட்ட வரி.

லிஸ்ப் மொழியின் மேக்ரோக்கள் இவ்வகையில் மேலானவை. 1963இல் டிமதி ஹார்ட் என்பவர் லிஸ்ப் மொழிக்கு மேக்ரோக்களை முன்மொழிந்தார். அம்மொழியில் நிரலும் ஒரு பட்டியல், தரவும் ஒரு பட்டியல். ஆகவே ஒரு மேக்ரோ, நிரலின் உறுப்புகளை உறுப்புகளாகவே எடுத்துக் கையாள முடியும். சி மொழியின் முன்செயலி அந்த நிலையை எட்டவில்லை. அதற்காக அது படைக்கப்படவும் இல்லை.

3. வார்ப்புரு: எதிர்பாராமல் கிடைத்த கணிப்பொறி

சி++ மொழியில் டெம்ப்ளேட் எனப்படும் வார்ப்புரு சேர்க்கப்பட்ட நோக்கம் எளியது. முழு எண்களை வரிசைப்படுத்த ஒரு செயற்கூறு, பின்ன எண்களை வரிசைப்படுத்த மற்றொன்று, பெயர்களுக்கு வேறொன்று என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒரு வார்ப்பைக் கொடுத்துவிட்டுத் தேவையான தரவினத்திற்கேற்பத் தொகுப்பியையே எழுதிக்கொள்ளச் செய்வதுதான் அது. பொம்மைக்கு அச்சு ஒன்று. களிமண்ணா, மெழுகா என்பது பின்னர் முடிவாகும்.

1994ஆம் ஆண்டு சி++ தரக்குழுவின் கூட்டத்தில் எர்வின் உன்ரூ என்பவர் ஒரு விந்தையான நிரலைக் காட்டினார். அந்நிரல் தொகுப்பில் தேறவே இல்லை. ஆனால் அதைத் தொகுக்க முயன்ற தொகுப்பி வெளியிட்ட பிழைச் செய்திகளில் 2, 3, 5, 7 எனப் பகா எண்கள் வரிசையாக வந்தன. இயங்காத நிரல், தொகுப்பியின் உள்ளேயே கணக்குப் போட்டுவிட்டது! வார்ப்புருக்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ள முடியும், சிறப்பு நிலையில் நிறுத்தவும் முடியும் என்பதால், அவற்றைக் கொண்டு எந்தக் கணிப்பையும் செய்யலாம் என்பது இதனால் வெளிப்பட்டது. மொழியைப் படைத்தவர்கள் திட்டமிட்டுக் கொடுத்த வசதியன்று இது, கண்டுபிடிக்கப்பட்ட வசதி.

இதன் செயல்முறையைக் காரணியப் பெருக்கத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 5இன் காரணியப் பெருக்கம் வேண்டும் என்று வார்ப்புருவைக் கேட்டால், தொகுப்பி 5க்கு ஓர் இனக்குழுவை உருவாக்க முற்படுகிறது. அதற்கு 4இன் விடை தேவை. எனவே 4க்கு ஓர் இனக்குழு, பின்னர் 3, 2, 1 என இறங்கிச் செல்கிறது. 0க்கு விடை 1 என்று நாம் தனியே எழுதி வைத்திருந்தால் அங்கே நின்று, மேலே ஏறி வந்து 120 என்ற விடையைத் தருகிறது. பொறிமொழியில் பெருக்கல் எதுவும் இருக்காது. 120 என்ற எண் மட்டும் இருக்கும்.

4. பொது நடையில் எழுதும் வசதி

வார்ப்புருவைக் கொண்டு கணக்கிடுவது, மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுவது போன்றது. சுழற்சிக் கட்டளை கிடையாது; மாறி கிடையாது; எல்லாம் தற்சுழற்சியே. இந்த இடர்ப்பாட்டைப் போக்க 2011இல் வெளியான சி++ தரத்தில் கான்ஸ்டெக்ஸ்பர் என்ற சிறப்புச்சொல் சேர்க்கப்பட்டது. இச்சொல்லை முன்னால் இட்ட செயற்கூறு, தொகுப்பு நேரத்திலும் இயங்கலாம். இயக்க நேரத்திலும் இயங்கலாம். முதலில் அத்தகைய செயற்கூற்றுக்குள் ஒரே ஒரு விடை தரும் கூற்று மட்டுமே இருக்க முடியும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2014ஆம் ஆண்டுத் தரம் மாறிகளையும் சுழற்சிக் கட்டளைகளையும் அனுமதித்தது. 2020ஆம் ஆண்டுத் தரம் கான்ஸ்டெவல் என்ற மற்றொரு சொல்லைத் தந்தது.

இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை நண்பர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். கான்ஸ்டெக்ஸ்பர் என்பது 'முன்பே செய்ய இயலும்' என்ற இசைவு. கான்ஸ்டெவல் என்பது 'முன்பே செய்தாக வேண்டும்' என்ற கட்டளை. முதற்சொல்லை இட்டுவிட்டோம், ஆகவே கணக்கு முன்பே முடிந்துவிட்டது என்று கருதுவது பொருந்தாது. விடை மாறிலியாகத் தேவைப்படும் இடத்தில் அழைத்தால்தான் அது உறுதியாகும்.

இதன் பயனுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, தரவு பழுதின்றி வந்துள்ளதா என்று சோதிக்கும் சிஆர்சி 32 என்ற முறை. இதற்கு வழக்கமாக 256 உறுப்புகள் கொண்ட ஓர் அட்டவணை தேவை. உறுப்பு ஒன்றுக்கு 4 பைட்டு வீதம் மொத்தம் 1024 பைட்டுகள். அர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையின் இயங்கு நினைவகம் மொத்தமே 2048 பைட்டுகள்தான். அட்டவணையை இயக்க நேரத்தில் கணித்து அங்கே வைத்தால், நினைவகத்தில் பாதி அதற்கே போய்விடும். தொகுப்பு நேரத்தில் கணித்துவிட்டால், உரிய குறிப்பைச் சேர்த்து, அதனை 32 கிலோபைட்டு அளவுள்ள ஃபிளாஷ் நினைவகத்திலேயே நிலையாக அமர்த்த முடியும்.

மற்றொரு பயன் இதனினும் பெரியது. 13இன் காரணியப் பெருக்கம் 6227020800. 32 பிட்டு முழு எண்ணில் அடங்கும் மிகப்பெரிய எண் 2147483647 மட்டுமே. இக்கணக்கை இயக்க நேரத்தில் செய்தால், மொழியின் விதிப்படி விளைவு இன்னதென்று வரையறுக்கப்படவில்லை. வழக்கமான கணிப்பொறிகளில் 1932053504 என்ற எண் அமைதியாகத் திரையில் தோன்றும். பார்ப்பவர் அதனைச் சரியான விடை என்றே நம்புவார். அதே கணக்கைத் தொகுப்பு நேரத்தில் மாறிலியாகக் கேட்டால், தொகுப்பி விடை தர மறுத்துப் பிழை என்று அறிவிக்கும். வரையறையற்ற செயலை மாறிலிக் கணிப்பில் அனுமதிக்கலாகாது என்பது மொழியின் விதி. இயக்க நேரத்தில் மறைந்திருக்கும் பிழை, தொகுப்பு நேரத்தில் வெளிச்சத்திற்கு வருகிறது.

5. எல்லைகள்

இனி, இந்த ஆற்றல் எங்கெல்லாம் நின்றுவிடுகிறது என்று காண்போம்.

முதலாவது, அறியாமையின் எல்லை. பயனாளி தரப்போகும் தரவு தொகுப்பிக்குத் தெரியாது. தேர்வுக் கால அட்டவணையை முன்கூட்டியே அச்சிடலாம். மதிப்பெண் பட்டியலை முன்கூட்டியே அச்சிட இயலாது. எவ்வளவு திறமையான மொழியாயினும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

இரண்டாவது, முடிவுறாமையின் எல்லை. மேலே கூறிய காரணியப் பெருக்கத்தில், 0க்கான சிறப்பு நிலையை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? தொகுப்பி 0, -1, -2 என்று முடிவின்றி இறங்கிக்கொண்டே போகும். கொடுக்கப்பட்ட எந்த நிரலும் நிற்குமா, நிற்காதா என்று முன்கூட்டியே கூறவல்ல பொதுவழி எதுவும் இல்லை என்பதை 1936இலேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். ஆகவே தொகுப்பியால் செய்யக்கூடியது, ஓர் எண்ணை வைத்துக்கொண்டு 'இதற்குமேல் இறங்கமாட்டேன்' என்று சொல்வது மட்டுமே. வார்ப்புருக்கள் ஒன்றினுள் ஒன்றாக எத்தனை மட்டம் வரை செல்லலாம் என்பதற்கு 1998ஆம் ஆண்டுத் தரம் 17 என்ற எண்ணைப் பரிந்துரைத்தது. 2011ஆம் ஆண்டுத் தரம் அதனை 1024 ஆக உயர்த்தியது. ஜிசிசி தொகுப்பி, நாம் மாற்றிச் சொல்லாதவரை, 900இல் நிறுத்திக்கொள்கிறது.

இந்த எல்லை பிழையான நிரலை மட்டுமன்றிச் சரியான நிரலையும் தடுக்கக்கூடும். ஃபிபொனாச்சித் தொடரின் 40ஆவது எண் 102334155. இதனைப் பாடநூலில் உள்ளபடி, முந்தைய இரண்டையும் அழைத்துக் கூட்டும் எளிய தற்சுழற்சிச் செயற்கூறாக எழுதினால், செயற்கூறு அழைக்கப்படும் தடவைகள் மொத்தம் 331160281. கிளாங் தொகுப்பி மாறிலிக் கணிப்புக்கு இயல்பாக அனுமதிக்கும் படிகள் 1048576. எனவே அது நடுவழியிலேயே கணிப்பைக் கைவிடும். அதே தொடரை வார்ப்புருவாக எழுதினால், 0 முதல் 40 வரை 41 இனக்குழுக்கள் மட்டுமே உருவாகின்றன. ஒருமுறை உருவாக்கிய இனக்குழுவைத் தொகுப்பி நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் பயன்படுத்துவதே காரணம். எழுதக் கடினமான முறை விரைந்து முடிகிறது. எழுத எளிய முறை தடைப்படுகிறது. சுழற்சிக் கட்டளையால் எழுதினாலோ நாற்பது கூட்டல்களில் வேலை முடியும். கணிப்பு எங்கே நடந்தாலும் நல்ல வழிமுறைக்கு ஈடில்லை என்பதே இதிலுள்ள பாடம்.

மூன்றாவது, பெயர் அறியா எல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களை எண்ணுருவாக அறிவிக்கிறோம். தொகுப்பிக்கு அவை 0, 1, 2. நிறத்தின் பெயரைத் திரையில் அச்சிட வேண்டுமாயின், அதே பெயர்களை மீண்டும் ஒரு பட்டியலாக நாமே எழுதவேண்டியிருந்தது. பின்னர் நான்காவது நிறத்தைச் சேர்ப்பவர் ஒரு பட்டியலில் சேர்த்து, மற்றதில் சேர்க்கத் தவறினால் பிழை புகுந்துவிடும். நிரல் தன் உறுப்புகளைத் தானே கேட்டறியும் இவ்வசதிக்குப் பிரதிபலிப்பு என்று பெயர் தரலாம். இது சி++ மொழியில் நெடுங்காலம் இல்லை. 2025 ஜூன் மாதம் பல்கேரியாவின் சோபியா நகரில் கூடிய தரக்குழு, சி++ 26 தரத்தில் இதனைச் சேர்க்க ஒப்புக்கொண்டது. எனினும் அங்கும் எல்லை உண்டு. புதிய தரவு உறுப்புகளைக் கொண்ட இனக்குழுவை நிரலே படைக்கலாம். தான் விரும்பிய புதிய செயற்கூறுகளை எழுதி அதனுள் நுழைக்கும் வசதி அத்தரத்தில் இல்லை.

நான்காவது, கைக்கொண்டு போக இயலாமை. 2020ஆம் ஆண்டுத் தரப்படி, தொகுப்பு நேரத்தில் நினைவகத்தைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தக் கணிப்பு முடியுமுன் வாங்கியதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆய்வகக் கருவியை உள்ளே பயன்படுத்தலாம், வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது என்பது போன்ற விதி இது. எனவே நீளம் முன்பே தெரியாத பட்டியலைத் தொகுப்பு நேரத்தில் கட்டினாலும், அதன் உள்ளடக்கத்தை நிலையான நீளமுள்ள அணியில் படியெடுத்துத்தான் இயக்க நேரத்திற்கு அனுப்ப முடியும்.

ஐந்தாவது, செலவின் எல்லை. வார்ப்புருவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பிலும் அது மீண்டும் விரிக்கப்படுகிறது. இருநூறு கோப்புகள் ஒரே வார்ப்பை ஒரே தரவினத்திற்குப் பயன்படுத்தினால், இருநூறு முறை ஒரே பொறிமொழி உருவாகி, இணைப்பி கடைசியில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடுகிறது. இயக்க நேரத்தில் மிச்சமான நொடிகளை நிரலாளர் தம் காத்திருப்பால் ஈடுசெய்கிறார்.

ஆறாவது, பார்வையின் எல்லை. இயக்க நேரத்தில் ஐயம் எழுந்தால், நடுவில் ஓர் அச்சிடும் கட்டளையை இட்டு மாறியின் மதிப்பைப் பார்த்துவிடலாம். தொகுப்பு நேரக் கணிப்பில் திரைக்கு எழுதுதல் என்பது இயல்பாக இல்லை. வார்ப்புருவில் ஏற்படும் பிழையோ, நாம் எழுதிய ஒரு வரியில் தோன்றி, நூலகத்தின் ஆழத்தில் எங்கோ வெடித்து, பக்கம் பக்கமாகச் செய்திகளைக் கொட்டும். தொடர்பட்டியலை நூலக வரிசைப்படுத்தும் செயற்கூற்றிடம் கொடுத்துப் பார்த்த நண்பர்கள் இதனை அறிவர். வார்ப்புருவுக்கு இன்ன தகுதியுள்ள தரவினமே வரவேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வசதி 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தபின் இத்தொல்லை குறைந்துள்ளது, அடியோடு நீங்கவில்லை.

6. எல்லை குறையா, காவலா?

தொகுப்பு நேரத்தில் இயங்கும் சி++ செயற்கூறு ஒரு கோப்பைத் திறக்க இயலாது. கடிகாரத்தைப் பார்க்க இயலாது. வலையமைப்பில் பேச இயலாது. மூல நிரலில் உள்ளதைத் தவிர வேறெதையும் அது அறியாது. முதலில் கேட்கும்போது இது பெருங்குறையாகத் தோன்றும். ஏனைய மொழிகளுடன் ஒப்பிட்டால் அந்த எண்ணம் வலுப்படவும் கூடும். எடுத்துக்காட்டாக, ரஸ்ட் மொழியில் செயல்முறை மேக்ரோ என்று ஒன்றுண்டு. அது தொகுப்பு நேரத்தில் இயங்கும் முழுமையான ரஸ்ட் நிரல். கோப்பைத் திறக்கலாம், வலையமைப்பில் பேசலாம், அதனைத் தடுக்கும் வேலி மொழியில் இல்லை. அதனால் சி++ மொழியில் அரிதான பல வசதிகள் அங்கே எளிதாகக் கிடைக்கின்றன.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். யூனிக்ஸ் இயக்க முறைமையை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், 1983ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்று ஆற்றிய உரை 1984இல் வெளியாயிற்று. அதில் அவர் காட்டியது இது: தொகுப்பியே, குறிப்பிட்ட ஒரு நிரலைத் தொகுக்கும்போது அதனுள் கள்ளவழியொன்றை நுழைக்கும்படி செய்யலாம். தொகுப்பி தன்னைத்தானே தொகுக்கும்போதும் அக்குணத்தைத் தொடரச் செய்யலாம். பின்னர் மூல நிரலில் எங்கு தேடினாலும் அதன் சுவடு இராது. நாம் படிக்கும் நிரலும் இயங்கும் நிரலும் ஒன்றுதானா என்ற வினாவை அவர் எழுப்பினார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வினாவுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சி வலுச் சேர்த்தது. லினக்ஸ் முறைமைகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இஸட் என்ற சுருக்கல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழியொன்று புகுத்தப்பட்டிருந்தது. அனைவரும் காணக்கூடிய மூல நிரல் களஞ்சியத்தில் அதனை இயக்கும் வரி இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித்தந்த பொதியில் மட்டும், எம்4 என்னும் மேக்ரோ மொழியில் எழுதப்பட்ட ஒரு கோப்பு மாற்றப்பட்டிருந்தது. நூலகத்தைத் தொகுக்கும்போது அந்த மேக்ரோ விரிந்து, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்தவற்றிலிருந்து மறைபொருளை எடுத்து நூலகத்தில் சேர்த்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு ஐயுற்று, அதன் வேரைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால், எண்ணற்ற கணிப்பொறிகளின் கதவு பிறர் கையில் இருந்திருக்கும்.

இந்நிகழ்ச்சியில் குற்றம் எம்4 மொழியினுடையதன்று. அதனைத் தீய வழியில் பயன்படுத்தியவருடையது. ஆயினும், நமக்காக எழுதப்படும் நிரலை நாம் படிப்பதில்லை என்ற ஒரே பழக்கத்தை நம்பித்தான் அத்தீமை செய்யப்பட்டது. வர்க்கம்(படி()) என்ற சிறிய மேக்ரோவில் நாம் கண்ட அதே உண்மை, இங்கே பேருருவம் கொண்டு நிற்கிறது.

இப்பின்னணியில் நோக்கினால், தொகுப்பு நேரச் செயற்கூறு வெளியுலகைத் தொடலாகாது என்ற சி++ மொழியின் கட்டுப்பாடு வேறு பொருள் பெறுகிறது. அதே மூல நிரல், அதே தொகுப்பி, அதே அமைப்புகள் எனில் அக்கணிப்பின் விடை இன்றும் நாளையும் ஒன்றே. அது தரும் விடையை எவரும் தம் இடத்தில் மீண்டும் தொகுத்துச் சரிபார்க்கலாம். கோப்பைப் படிக்க இயலாமை என்பது, கோப்பைத் திருட இயலாமையும் ஆகும். எக்ஸ்இஸட் நிகழ்ச்சியில் கெடுதி புகுந்தது, மொழிக்கு வெளியே, கட்டுப்பாடு இல்லாத தொகுப்புக் கருவிகளின் வழியாக என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

7. மாணவர்க்குச் சில குறிப்புகள்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு உரியது, நமக்கு எதற்கு என்று வகுப்பு நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நாம் நாளை எழுதப்போகும் நிரலை யாரோ ஒருவர் படிக்காமலே நம்பப்போகிறார். ஆகவே இது நமக்கும் உரியதே. நான் படித்தவற்றிலிருந்தும் செய்து பார்த்தவற்றிலிருந்தும் சில குறிப்புகளைத் தருகிறேன்.

செயற்கூறு போதுமான இடத்தில் மேக்ரோவை எழுத வேண்டா. மேக்ரோ எழுதியே தீரவேண்டுமாயின், ஜிசிசி தொகுப்பியில் '-இ' என்ற (ஆங்கிலப் பெரிய எழுத்து) குறியை இட்டு, முன்செயலி விரித்துத் தரும் நிரலை ஒருமுறையேனும் கண்ணால் பாருங்கள். நாலு வரிக்கு நாற்பதாயிரம் வரி விரிவதைக் கண்டு திகைக்க வேண்டா. உங்கள் வரிகள் கடைசியில் இருக்கும்.

மாறாத அட்டவணைகள், அளவுகள், வரம்புகள் ஆகியவற்றைத் தொகுப்பு நேரத்திற்கு விடுங்கள். அவற்றின் மீது நீங்கள் கொண்டுள்ள நம்பிக்கைகளை ஸ்டாட்டிக் அசெர்ட் என்ற கூற்றால் எழுதி வையுங்கள். அட்டவணையில் 256 உறுப்புகள் இருக்கவேண்டும் என்பது உங்கள் மனத்தில் இருந்தால் போதாது, நிரலிலும் இருக்கவேண்டும். தவறினால் தொகுப்பியே தடுத்து நிறுத்தும்.

பத்து வரிகளை மிச்சப்படுத்துவதற்காக, அடுத்தவர் விளங்கிக்கொள்ள ஒரு நாள் ஆகும் வார்ப்புருவை எழுத வேண்டா. திறமையைக் காட்டும் ஆசை நம் வயதில் இயல்பு. ஆனால் பராமரிப்பவர் நம் திறமையைக் காண்பதில்லை. பிழைச் செய்தியைத்தான் காண்கிறார்.

முடிவுரை

எழுத்தை எழுத்தாக மாற்றிய முன்செயலியில் தொடங்கி, எதிர்பாராமல் கணக்குப் போட்ட வார்ப்புருவைக் கடந்து, பொது நடையில் எழுதும் மாறிலிச் செயற்கூறு வரை நிரல் எழுதும் நிரலின் வளர்ச்சியைக் கண்டோம். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கூடியது. ஒவ்வொரு படியிலும் அதற்கோர் எல்லையும் வகுக்கப்பட்டது. அவற்றுள் சில இயற்கையின் எல்லைகள். டூரிங் காட்டியபடி அவற்றை எவராலும் நீக்க முடியாது. சில, காலப்போக்கில் நீங்கி வருபவை. பிரதிபலிப்பு அதற்குச் சான்று. இன்னும் சில, அறிந்தே இட்ட வேலிகள்.

ஒரு மொழியைக் கற்பவர், அது என்னவெல்லாம் செய்யும் என்று கேட்பது இயல்பு. எதைச் செய்ய மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்றும் சேர்த்துக் கேட்டால் மொழி நன்கு விளங்கும். அவ்வினாவோடு நண்பர்கள் தங்கள் அடுத்த ஆய்வக நிரலைத் தொகுத்துப் பார்ப்பார்களாயின், திரையின் முன் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளும் பாடவேளையாகவே அமையும்.